நடுவில் வைத்த புத்தகம்

முந்தின நாள் மாலை நான் கொடுத்த நாவலை, மறுநாள் முதல் மணி அடிப்பதற்கு முன்பே கொண்டுவந்து என் மேசையில் தள்ளினாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

"இதை ஏன் மிஸ் எனக்குக் கொடுத்தீங்க?"

"நல்லா இருக்கும்னுதாம்மா..."

"எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு யார் சொன்னா?"

குடியில் விழுந்துவிட்ட அப்பாவோடு வாழும் ஒரு சிறுமியின் கதை அது. இவள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஆசிரியர்கள் அறையில் யாரோ பேசியது என் காதில் விழுந்திருந்தது. பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, புத்தகத்தைத் தேடி எடுத்து, அட்டையைத் துடைத்து, வகுப்புக்கே போய்க் கையில் கொடுத்தேன். கதை அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. தன் வீட்டைப் பற்றி இங்கே எல்லாரும் பேசுகிறார்கள் என்ற செய்திதான் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு முழுக்க அவள் நூலகத்தின் பக்கமே வரவில்லை.

பள்ளி நூலகத்தில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். போர், குடி, மதம், சாதி, நிறவெறி, பாலியல் வன்முறை, தற்கொலை என்று பெரியவர்களே குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயங்களைப் பற்றிய புத்தகங்களைப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டால், கொடுக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் அடிபட்டேன்.

குழந்தை இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையை நூலகர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவோம். சில புத்தகங்கள் பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னல், சில நம்மையே காட்டும் கண்ணாடி, சில நாம் நுழைந்து போகக்கூடிய கதவு என்பார் அவர். நானும் அந்தக் கண்ணாடியை நம்பித்தான் அந்தப் பெண்ணிடம் போனேன். கண்ணாடி சுவரில் மாட்டியிருந்தால் போகிற வருகிற நேரத்தில் அவளே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அதைக் கழற்றி எடுத்துப்போய் அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றினேன். யாருக்கும் ஒற்றைப் புத்தகம் கொடுப்பதில்லை. மூன்றாகக் கொடுப்பேன். ஒன்று துப்பறியும் கதையாக இருக்கும், ஒன்று சிரிப்புக் கதையாகவோ விளையாட்டு வீரரின் வாழ்க்கையாகவோ இருக்கும், நான் மனதில் வைத்திருக்கும் புத்தகம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி வைத்துவிடு என்று சொல்லிவிட்டு நான் வேறு வேலை பார்ப்பேன். சில விஷயங்களுக்கு அதுகூடக் கிடையாது. மொத்த வகுப்புக்கும் சேர்த்து ஆறேழு புத்தகங்களைப் பற்றி ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, அவற்றை என் மேசைக்கு எதிர்ப்புறம், என் பார்வை படாத அலமாரியில் வைத்துவிடுவேன். தேவைப்படுகிற பிள்ளை எப்படியோ அங்கே போய்விடும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்களிடம் அப்போது புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒரு காகிதப் பை ஒட்டி, அதில் யார் யார் எடுத்தார்கள் என்று பெயர் எழுதும் அட்டை செருகியிருப்போம். பிள்ளைகள் கதையைவிட ஆர்வமாக அந்த அட்டையைப் படிப்பார்கள். "இவன் ஏண்டா இந்தப் புத்தகத்தை எடுத்தான்?" என்று ஒரு கிசுகிசு கிளம்பினால் போதும், அப்புறம் அந்தப் புத்தகத்தை ஒருவரும் தொட மாட்டார்கள். இந்த மாதிரிப் புத்தகங்களிலிருந்து அந்த அட்டைகளை எல்லாம் உருவி எடுத்துவிட்டேன். கணக்கு என் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இரண்டாவது தவறு இன்னும் சங்கடமானது. ஒரு மாணவனின் அப்பா பக்கத்தை மடித்து வைத்த நாவலோடு வந்தார். சத்தம் போடவில்லை. எதிரே உட்கார்ந்து, மடித்த இடத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி, "மேடம், இந்தப் பக்கத்தை நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

படித்திருக்கிறேன், கல்லூரி நாட்களில். போர்க்கால நாவல். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் இரவில் ஆற்றைக் கடக்கும் காட்சியும் அந்தக் கிழவரின் சாவும்தான். நடுவில் ஒரு முகாமில் நடக்கும் பலாத்காரம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. அதுவும் அதைச் செய்கிறவனின் கண் வழியாக, அவன் ரசிப்பதுபோலவே எழுதப்பட்டிருந்தது. அது என் நினைவிலிருந்து சுத்தமாக உதிர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடிந்திருக்காது. பையனுக்கு வயது 15.

"படிச்சிருக்கேன் சார். ஆனா இந்த இடம் மறந்துபோச்சு. திரும்பப் படிக்காமக் கொடுத்தது என் தப்புதான்" என்றேன்.

அவர் சொன்ன பதிலை இன்னும் மறக்கவில்லை. "கொடுக்கவே கூடாதுன்னு சொல்ல வரல மேடம். இப்படி ஒரு இடம் வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அன்னிக்கு ராத்திரி நானும் அவன் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

பெற்றோர் என்றாலே தடை கேட்டு வருகிறவர்கள் என்று அதுவரை ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. அப்படிக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம், உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது என்று சொல்லிவிடுவேன். ஆனால் பலரும் கேட்பது தகவல்தான். அதைக் கொடுக்க வேண்டியது என் வேலை.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். கடந்த இரண்டு ஆண்டுக்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நான் படிக்காத எதையும் பரிந்துரைப்பதில்லை. விமரிசனத்தைப் படித்தேன், விருது வாங்கியது, நண்பர் சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வராது. நோட்டில் பக்க எண், அங்கே என்ன நடக்கிறது, யாருடைய கண் வழியாகச் சொல்லப்படுகிறது, அதற்குப் பிறகு கதை எங்கே போகிறது என்று எழுதுவேன். இந்தக் கடைசி இரண்டும்தான் முக்கியம். 1999-இல் வந்த லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' நாவலும் பலாத்காரத்தைப் பற்றியதுதான். ஆனால் பாதிக்கப்பட்ட பெண்தான் அதில் கதை சொல்கிறாள். அந்தச் சம்பவம் கொஞ்ச நேரமே வருகிறது, அதற்குப் பிறகு அவளால் ஏன் பேச முடியவில்லை என்பதுதான் புத்தகம் முழுவதும். அதைத் தயங்காமல் கொடுப்பேன். அந்தப் போர் நாவலைப் பள்ளி முடிக்கும் வயதில்தான், கேட்டால்தான்.

பதிப்பையும் பார்க்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்து பிறகு முகாமில் இறந்துபோன யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. நான் தோழிகளுக்குச் சிபாரிசு செய்யும் புத்தகம் என்பதால் அதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு மாணவி, "மிஸ், இவ புத்தகத்துல இருக்கிறது என் புத்தகத்துல இல்ல" என்று இரண்டு பிரதிகளைக் கொண்டுவந்தாள். 1947-இல் அது முதன்முதலில் அச்சானபோது, மகள் தன் உடலைப் பற்றியும் அம்மாவோடு நடந்த மனக்கசப்பைப் பற்றியும் எழுதிய சில பகுதிகளை அப்பா ஓட்டோ ஃபிராங்க் விட்டுவிட்டார். 1990-களில் வந்த விரிவான பதிப்பில் அவை திரும்பி வந்தன. ஒரு பிரதி பழையது, மற்றொன்று புதியது. இரண்டு பெண்களும் மதிய இடைவேளை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, வரி வரியாக ஒப்பிட்டு, எதை எடுத்திருக்கிறார்கள் என்று தேடினார்கள். அந்தப் பகுதிகளை எழுதியவளுக்கும் இவர்கள் வயதுதான் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. "அவ அப்பாவுக்கு வெட்கமா இருந்திருக்கும்ல" என்றாள் ஒருத்தி. "இல்லடி, செத்துப்போன பொண்ணு. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றாள் இன்னொருத்தி. நான் ஏற்பாடு செய்து நடத்திய எந்தக் கலந்துரையாடலும் அந்த அளவுக்குப் போனதில்லை. சுருக்கப்பதிப்பா, மாணவர் பதிப்பா, மொழிபெயர்ப்பில் ஏதாவது போயிருக்கிறதா என்று அதிலிருந்து பார்க்கிறேன்.

தடை செய்யப்பட்ட புத்தகம் என்று சொல்லி எதையும் விற்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், நானும் செய்து பார்த்தவள்தான். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் மெக்மின் கவுண்டி பள்ளி வாரியம், ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' சித்திர நூலை 2022 ஜனவரியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தது. யூதப் படுகொலையிலிருந்து தப்பிய தன் அப்பாவின் கதையை, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து அவர் சொன்ன நூல். 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. சில கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாண உருவமும் இருக்கின்றன என்பது வாரியம் சொன்ன காரணம். செய்தி வந்ததுமே விற்பனை எகிறியது. 'மவுஸ்' புத்தகத்துக்கு அப்படி ஒரு மவுசு.

நானும் அந்த அலையில் ஏறிக்கொண்டு, ஒரு பள்ளி வேண்டாம் என்ற புத்தகம் இது என்று வகுப்பில் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். ஐந்தாறு பையன்கள் பாய்ந்து வந்து வாங்கி, மூலையில் குவிந்து, ஒரே வேகத்தில் பக்கங்களைப் புரட்டினார்கள். எதைத் தேடினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடித்தும் விட்டார்கள். நகத்தளவு கட்டம். "இதுக்கா?" என்றான் ஒருவன், ஏமாற்றத்தோடு. அந்தக் கட்டம் இருப்பது ஆசிரியரின் அம்மா தற்கொலை செய்துகொண்டதைப் பற்றிய பக்கத்தில். சிரிப்பு அப்படியே அடங்கியது. நால்வர் நழுவிவிட்டார்கள், ஒருவன் மட்டும் நின்றபடி அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். நோட்டில் நான் எழுதி வைத்த பக்கம்தான் அது, முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பக்கம். தடை என்று கூவியதால் நானே அவர்களை நேராக அங்கே கொண்டுபோய் விட்டிருந்தேன்.

தற்கொலை விஷயத்தில் மட்டும் என் மற்ற விதிகள் எதுவும் செல்லாது. மூன்றில் ஒன்றாக நடுவில் வைப்பதும் கிடையாது, அலமாரியில் விட்டுவிடுவதும் கிடையாது. ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் வெர்தர் நாவல் 1774-இல் வந்தபோது, அதன் நாயகனைப் போலவே சிலர் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்ற அச்சம் எழுந்தது. செய்தித்தாள்களில் தற்கொலைச் செய்தி பெரிதாக வந்தபிறகு தற்கொலைகள் கூடுகின்றன என்று 1974-இல் காட்டிய சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் அதற்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார், வெர்தர் விளைவு என்று. பலர் இத்தோடு நிறுத்திக்கொண்டு, அப்படியானால் இந்த விஷயமே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இதற்கு மறுபாதி ஒன்று உண்டு. மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில் பாப்பகேனோ என்பவன் சாகத் துணிகிறபோது மூன்று சிறுவர்கள் வந்து, உனக்கு வேறு வழி இருக்கிறதே என்று நினைவுபடுத்துவார்கள். நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதைகள் காக்கவும் கூடும் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் கண்ட வியன்னா ஆய்வாளர்கள், அதைப் பாப்பகேனோ விளைவு என்றார்கள்.

எனவே புத்தகத்தில் அந்த மூன்று சிறுவர்களைத் தேடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டுதலை நாவலுக்கும் பொருத்திப் பார்ப்பேன். முறையை விவரிக்கிறதா, சாவைப் பழிவாங்கலாகவோ நிம்மதியாகவோ அழகாக்குகிறதா, உதவி கேட்ட ஒருவருக்கு உதவி கிடைப்பதாக ஒரு இடமாவது இருக்கிறதா. பின்னால் இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது வர வேண்டும். கொடுக்கும்போது எதிரே உட்கார வைத்துப் பேசித்தான் கொடுப்பேன். கேட்டு வருகிற பிள்ளையின் முகத்திலோ பேச்சிலோ எனக்குச் சந்தேகம் தட்டினால் புத்தகத்தை எடுக்கவே மாட்டேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டியதில்லை. பிறகு தனியே விடாமல் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போவேன். அந்த இடத்தில் நான் நூலகர் இல்லை.

விவாதத்துக்குரிய விஷயம் என்றால் இரண்டு பக்கத்து வாதத்தையும் கொடுங்கள் என்று சொல்வார்கள். மரண தண்டனை, விலங்குகள் மீதான சோதனை, அணுமின்சாரம் போன்றவற்றில் அது நன்றாகவே வேலை செய்யும். அடிமை வணிகத்துக்கு இன்னொரு பக்கம் தேடிக்கொண்டு போகத் தேவையில்லை. மரண தண்டனைக்கும்கூட ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று என்று ஜோடி போட்டால் பட்டிமன்றம்தான் நடக்கும், பிள்ளைகள் பாயிண்ட் சேர்ப்பார்கள். கொல்லப்பட்டவரின் அம்மா பேசும் புத்தகம் ஒன்று, தண்டனை பெற்றவனின் மகள் பேசும் புத்தகம் ஒன்று என்று கொடுத்துப் பாருங்கள். சீக்கிரம் வாய் திறக்க மாட்டார்கள்.

கருத்துக்காகவே எழுதிய நாவல்கள் வேறு இருக்கின்றன. பிரச்சினை முதலில் வரும், ஆட்கள் அதற்கு வேஷம் கட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள். பத்துப் பக்கத்திலேயே பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். "கருத்து கந்தசாமி புத்தகமா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடிக்கவில்லை.

கொடுக்கும்போது பேசுவது மூன்று வாக்கியம். இதில் இந்தப் பக்கத்தைச் சுற்றி ஒரு கஷ்டமான இடம் வரும். தாண்டிப் போகலாம், பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். பேச வேண்டும் என்றால் நான் இங்கேதான் இருப்பேன். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருக்கும் உரிமையில் தொடங்கி, எதுவும் சொல்லாமல் இருக்கும் உரிமையில் முடியும். அந்தப் பத்தாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. புத்தகம் திரும்பி வந்ததும், என்ன தோணிச்சு, என்ன கத்துக்கிட்ட என்று துளைத்து எடுப்பேன். "நல்லா இருந்துச்சு மிஸ்" என்று ஓடிவிடுவார்கள்.

கைக்கு வேலை இருக்கும்போதுதான் பேச்சு வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தக முதுகுகளில் எண் சீட்டு ஒட்ட உதவிக்கு வருவான். அவன் படித்திருந்தது, அடி வாங்கி வளர்ந்து, தம்பியை அடிக்கத் தொடங்கும் ஒருவனைப் பற்றிய கதை. மூன்று வாரமாக மூச்சு விடவில்லை. ஒரு நாள் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, தலை நிமிராமல், "அவன் தம்பியை அடிச்சது தப்புதான் மிஸ். ஆனா ஏன் அடிச்சான்னு எனக்குத் தெரியும்" என்றான். அடுத்த சீட்டை உரித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே தொடர்ந்தான். அன்று இருபது புத்தகம்தான் ஒட்ட முடிந்தது. அவன் சொன்னதில் ஆலோசகர் வரை போக வேண்டியது இருந்தது. போவோமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போனோம்.

சில மாதம் முன்பு அதே பையன் வந்து, "ஃபிரண்டுக்கு ஒரு புத்தகம் வேணும், கொஞ்சம் சீரியஸா" என்றான். மூன்றை எடுத்து அடுக்கி நீட்டினேன். மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும் பார்க்காமலே உருவி மேசையில் வைத்துவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"எப்படிடா?"

"நீங்க எப்பவும் நடுவுலதான் மிஸ் வைப்பீங்க. ஸ்கூலுக்கே தெரியும்."